விமான இருக்கையின் கைதாங்கியும் வன்னியின் தேவையும்

யுத்தம் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுக்கு வந்தபோதிலும், அது மனித உடல்களில் விட்டுச்சென்ற வடுக்கள் வன்னிப் பெருநிலப்பரப்பில் இன்னும் ஆறவில்லை. எறிகணைகளாலும் மிதிவெடிகளாலும் கால்களை இழந்தோர், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கமற்றுப் போனோர் எனப் பலர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வாழ்ந்து வருகின்றனர். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கென மாங்குளத்தில் ‘உயிரிழை’ என்றோர் அமைப்பே இயங்கி வருவது இத்தேவையின் பரிமாணத்தை எடுத்துக்காட்டுகின்றது.

இவர்களுக்கும் பயணங்கள் உண்டு. மருத்துவ சிகிச்சைக்காகச் சென்னை செல்வோர், புலம்பெயர்ந்த பிள்ளைகளைக் காணச் செல்வோர், ஹஜ், உம்றாப் பயணம் மேற்கொள்ளும் முதியோர் என இப்பட்டியல் நீளும். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் சென்னைக்கான சேவை ஆரம்பமானது. கொரோனாவினால் தடைப்பட்டு 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய இச்சேவை, கட்டுநாயக்கா வரையிலான நீண்ட தரைவழிப் பயணத்திற்கு ஒரு மாற்று வழியை வன்னி மக்களுக்குத் திறந்துவிட்டது. ஆயினும், விமானத்தின் வாசலை அடைவது வேறு. இருக்கையில் அமர்வது வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சாதாரண சக்கர நாற்காலி விமானத்தின் ஒடுங்கிய நடைபாதையில் நுழையாது. எனவே நடக்க முடியாத பயணி ஒடுக்கமான நாற்காலியொன்றில் உள்ளே கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து இருக்கைக்கு மாற்றப்படுகின்றார். நடைபாதைப் பக்கமுள்ள கைதாங்கி அசையாததாக இருந்தால், அதற்கு மேலாக அவரைத் தூக்கித்தான் இருத்த வேண்டும். உணர்ச்சியற்ற தோலில் அக்கைதாங்கி உரசிப் புண் ஏற்பட்டாலும் அவருக்கு அது தெரியாது. கைதாங்கி மேலே உயருமாயின், கைவலிமையுள்ள ஒருவர் எவரும் தூக்காமலேயே பக்கவாட்டில் நகர்ந்து அமர்ந்துகொள்ள முடியும். ஒரு மனிதனின் கௌரவம் சிலவேளைகளில் ஒரு பிணைச்சலில் தங்கியிருக்கின்றது.

அந்தப் பிணைச்சலின் உள்ளே நிகழ்வது என்ன? வீட்டுக் கதவின் பிணைச்சல் இலகுவாகத் திரும்ப வேண்டும். கிறீச்சிட்டால் ஒரு துளி எண்ணெய் விடுகின்றோம். உயரும் கைதாங்கிக்கு அது பொருந்தாது. கை விட்ட இடத்தில் அது நிற்க வேண்டும். நகர்ந்து அமரும் பயணியின் கையிலோ தோளிலோ அது விழுந்துவிடக் கூடாது. அதேவேளை, உயர்த்துவதற்குப் பெரும் பலமும் தேவைப்படக் கூடாது. இம்மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றுவது உராய்வாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு கிலோகிராம் நிறையும் 40 சென்ரிமீற்றர் நீளமுமுள்ள கைதாங்கியின் புவியீர்ப்பு மையம் ஏறத்தாழ நடுவில், அதாவது பிணைச்சலிலிருந்து 20 சென்ரிமீற்றரில் இருக்கும். கிடையாக இருக்கையில் அதனைக் கீழே திருப்ப முயலும் முறுக்குவிசை சுமார் இரண்டு நியூட்டன் மீற்றர். அச்சின் இருபுறமும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் சராசரி ஆரையுள்ள உராய்வுத் தட்டுகள் அழுத்திக் கொண்டிருக்கின்றன. உராய்வுக் குணகம் 0.3 என்க. அவற்றை ஏறத்தாழ 220 நியூட்டன் விசையால், அதாவது 22 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான பாரத்தால் அழுத்தி வைத்தால் போதும். கைதாங்கி எந்தக் கோணத்திலும் நிற்கும். அவ்வழுத்தத்தைத் தருவது, அச்சில் கோக்கப்பட்ட கிண்ண வடிவ வில் வளையங்களாகும். தட்டுகள் சிறிது தேயும்போதும் இவ்வளையங்கள் விரிந்து அழுத்தத்தைப் பெருமளவுக்குப் பேணுகின்றன. தேய்வு மிகுந்தாலோ, தட்டுகளிடையே எண்ணெய் புகுந்தாலோ பிடி தளரும். கைதாங்கி தானாக விழத் தொடங்கும். ஆகவே இது காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்பட வேண்டிய ஒன்று.

உராய்வினால் ஆளப்படுவது கைதாங்கி மட்டுமல்ல. சாயும் இருக்கைகள் பலவற்றில் முதுகுப்புறத்தை நிறுத்தி வைப்பது ஓர் உலோகத் தண்டைச் சுற்றி இறுகியிருக்கும் சுருள்வில்லாகும். பொத்தானை அழுத்தும்போது சுருள் சற்றே விரிந்து தண்டை விடுவிக்கின்றது. பொத்தானை விட்டதும் மீண்டும் பற்றிக்கொள்கின்றது. இதன் தத்துவம் முல்லைத்தீவுக் கரையில் படகைக் கட்டும் எவருக்கும் புதிதல்ல. கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றினால், மேற்சொன்ன அதே உராய்வுக் குணகத்தில், பிடிக்கும் பலம் ஆறரை மடங்காகின்றது. மூன்று சுற்றுச் சுற்றினால் 280 மடங்கைத் தாண்டுகின்றது. அலை இழுக்கும் படகை ஒருவரின் கை தடுத்து நிறுத்துவது இவ்வாறுதான்.

எனினும் உராய்வுக்கும் எல்லையுண்டு. ஓயாத அதிர்வில் அது சிறிது சிறிதாக வழுவக்கூடும். விபத்தின் பெருவிசைகளை அதனால் தாங்கவும் இயலாது. இங்கிலாந்தின் கெக்வேர்த் என்னுமிடத்தில் 1989 ஜனவரி 8 ஆம் திகதி போயிங் 737 விமானம் வீழ்ந்து 47 பேர் உயிரிழந்தபோது, தலைக்கு மேலிருந்த 30 பொதிப்பெட்டிகளில் ஒன்றைத் தவிர ஏனைய யாவும் கழன்று விழுந்திருந்தன. பயண அறையின் பொருத்துகள் ஒவ்வொன்றும் உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும் என்ற பாடத்தை அவ்விபத்து ஆழமாக உணர்த்தியது. ஆதலால் பொதிப்பெட்டியின் மூடிக்கும் மடிப்பு மேசைக்கும் தனியே கொளுக்கிகள் உள்ளன. நடைபாதைப் பக்கக் கைதாங்கியும் பெரும்பாலும் ஒரு பூட்டினால் கீழ்நிலையில் நிறுத்தப்பட்டிருக்கும். அசைவை இதமாக்குவது உராய்வு. ஆபத்தில் காப்பது பூட்டு.

இந்தப் பூட்டைப் பற்றித்தான் பலருக்கும் தெரிவதில்லை. உயரக்கூடிய கைதாங்கிகள் பலவற்றில் அதனை விடுவிக்கும் சிறு பொத்தானோ நெம்போ அடிப்புறத்தில், பிணைச்சலுக்கு அருகே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இதை அறியாததால், உயரக்கூடிய கைதாங்கிக்கு மேலாகவும் பயணிகள் தூக்கப்படக்கூடும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் ஆக்கப்பட்ட விதிகள், 30 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகளைக் கொண்ட புதிய விமானங்களில் நடைபாதை இருக்கைகளின் அரைவாசியிலாவது கைதாங்கி உயரக்கூடியதாக இருக்க வேண்டும் என்கின்றன. அந்நாட்டுக்குச் செல்லும் பிறநாட்டு நிறுவனங்களையும் அவ்விதிகள் 2009 முதல் தழுவுகின்றன. இலங்கையிலோ மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு; மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் நாடு 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஏட்டிலுள்ள இவ்வுரிமைகள் விமானத்தின் நடைபாதைவரை சென்றடைய வேண்டும்.

எனவே, யாழ்ப்பாணத்திற்கும் கட்டுநாயக்காவிற்கும் சேவை நடத்தும் நிறுவனங்கள் தமது விமானங்களில் எந்த வரிசைகளில் கைதாங்கி உயரும் என்பதை இருக்கை பதிவு செய்யும் வேளையிலேயே தமிழிலும் அறிவிக்க வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். பணியாளர்கள் அதனைக் கையாளப் பயிற்றப்பட வேண்டும். பயணிகளும் தமது தேவையை இரண்டு நாட்களுக்கு முன்பாவது தெரிவித்து, உயரும் கைதாங்கியுள்ள இருக்கையைக் கேட்டுப் பெறல் வேண்டும். இது சலுகையன்று, உரிமை. யுத்தத்தில் காலை இழந்தவர் விமானத்திலும் பொதியைப் போலத் தூக்கப்படும் நிலை தொடர்வதற்கு இனியும் நியாயம் இல்லை.