ஐப்பசிப் பகலும் விடைக்கோழியும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூரில் சித்திரையில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சு, ஆறு மாதம் கழித்து ஐப்பசியில் கொண்டை சிவந்து விடைக்கோழியாய் நிற்கும்போது, அதன் முதல் முட்டை எப்போது என்பதைத் தீனியும் ஜாதியும் மாத்திரமன்றிச் சூரியனும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது. கண்ணைக் காட்டிலும் மண்டையோட்டை ஊடுருவியே மூளையின் ஆழத்தை அடையும் வெளிச்சம், அங்கே ஹார்மோன்களைத் தூண்டி அண்டாசயத்தை விழிக்கச் செய்கிறது. பகல் நீள நீள அந்தத் தூண்டுதல் வலுக்கிறது, குறுகக் குறுகத் தளர்கிறது. லண்டனில் ஜூன் மாதத்தில் 16 மணி நேரத்துக்கு மேலிருக்கும் பகல், டிசம்பரில் 8 மணிக்குள் ஒடுங்கிவிடுவதால், இலையுதிர் காலத்தில் பருவமெய்தும் கோழிகள் அங்கே வசந்தம்வரை காத்திருப்பதும் உண்டு. குளத்தூரிலோ அந்த வித்தியாசம் சுமார் 1 மணி 15 நிமிஷமே ஆகையால், பகல் குறுகுவதைவிட அடைமழையின் ஈரமும் நோயுமே பெரிய தடைகள் என்பது என் அபிப்பிராயம். ஆயினும் நாமக்கல் பண்ணைகளில் வெளிச்சத்தை அலட்சியம் செய்வதில்லை: வளரும் பருவத்தில் அதைக் கூட்டாமலும், முட்டையிடத் தொடங்கியபின் குறைக்காமலும், விளக்கேற்றிப் படிப்படியாகப் பகலை ஏறக்குறைய 16 மணி நேரமாக நீட்டுகிறார்கள். கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்பவருக்கு அந்தச் செலவு அனாவசியம். உலர்ந்த கூடும், நல்ல தீனியும், கொஞ்சம் கிளிஞ்சலும் கொடுத்துத் தை, மாசிவரை பொறுத்திருக்கலாம்.