ராகி விலை முதல் ரயில் பாதை வரை: 1800-ல் புக்கானன் கேட்ட கேள்விகளை ராயக்கோட்டை மாணவர்கள் ஏன் மறுபடி கேட்கணும்?

ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றால் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். தலைப்பை கூகுளில் போடுவது, நாலு பாரா எடுப்பது, ரெண்டு படம் ஒட்டுவது, ஸ்பைரல் பைண்டிங். வேலை முடிந்தது. இப்போது ஏஐ வேறு வந்துவிட்டதால் அந்த நாலு பாராவைத் தேடும் சிரமமும் இல்லை.

ஆனால் கூகுளிலும் ஏஐ-யிலும் பதில் கிடைக்காத ஒரு ப்ராஜெக்ட் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் காத்திருக்கிறது. அதற்கான கேள்விகளை 220 வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்துவிட்டார்.

யார் இந்த புக்கானன்?

பிரான்சிஸ் புக்கானன் ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவர், தாவரவியலில் ஆர்வம் அதிகம். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, புக்கானனை மைசூர், கனரா, மலபார் பகுதிகளுக்கு அனுப்பினார். 1800-ல் சென்னையில் கிளம்பியவர் 1801-ல்தான் பயணத்தை முடித்தார். தினமும் பார்த்ததை நாட்குறிப்பாக எழுதினார். 1807-ல் அது லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

இவரை வேறு வழியிலும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஜீப்ரா மீனை முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் இவர்தான். அந்தப் புத்தகம் 1822-ல் ஹாமில்டன் என்ற பெயரில் வந்தது. பிற்காலத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது.

ராயக்கோட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அப்போது எல்லை இங்கேதான் இருந்தது. ராயக்கோட்டை மலைக்கோட்டையை 1791-ல் கம்பெனிப் படை பிடித்தது. 1792 உடன்படிக்கையில் பாராமகால் பகுதி கம்பெனி கைக்குப் போனது. அதன் பிறகு மலைக்கு இந்தப் பக்கம் கம்பெனி, அந்தப் பக்கம் திப்புவின் மைசூர். 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை ராயக்கோட்டை அடிவாரத்தில் முகாமிட்டுத்தான் மைசூருக்குள் நுழைந்தது. அந்தப் படை பிடித்த நாட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கப் போனவர்தான் புக்கானன்.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இப்படி ஒரு பயணம் நடந்தது. ஜனாதிபதி ஜெபர்சன் அனுப்பிய லூயிஸ், கிளார்க் குழு 1804 முதல் 1806 வரை பசிபிக் கடற்கரை வரை போய்த் திரும்பியது. அங்கே அது பள்ளி மாணவர்களின் பிரபலமான ஆய்வுத் தலைப்பு. முன்பு இரண்டு தலைவர்களின் வீரக்கதையாகச் சொல்லப்பட்டது. இப்போது குழுவுக்கு மொழிபெயர்த்து உதவிய ஷோஷோனி பழங்குடிப் பெண் சகாகவேயா, அடிமையாகவே வந்த யார்க் ஆகியோரைப் பற்றியும் கேள்விகள் வருகின்றன.

என்ன கேட்டார்?

புக்கானனுக்குத் தரப்பட்ட வேலையில் முதலிடம் விவசாயத்துக்கு. என்ன பயிர், எப்படி உழுகிறார்கள், ஏரிப்பாசனம் எப்படி, குத்தகை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று விசாரித்தார். கூடவே ஆடு மாடு, நெசவு, இரும்பு உருக்குதல், சந்தைகள். ராகி சாகுபடி பற்றி மட்டுமே நிறைய எழுதியிருக்கிறார்.

அவருக்கு இருந்த பெரிய தடை மொழி. கேள்வி போவதும் பதில் வருவதும் மொழிபெயர்ப்பாளர் வழியாக. இன்னொரு தடை, அவர் யாருடைய ஆள் என்பது. கம்பெனி அனுப்பிய அதிகாரி விளைச்சலைப் பற்றிக் கேட்டால், "வரி போடத்தான் கேக்கறாங்க" என்று நினைக்கும் விவசாயி முழுக் கணக்கையும் சொல்லிவிடுவாரா?

ராயக்கோட்டை மாணவருக்கு இந்த இரண்டு தடையும் இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும் ஊர் இது. கேட்கப் போவதும் சொந்தத் தாத்தா பாட்டியிடம், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம். இரண்டு நாளில் முகாமைக் கலைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதும் இல்லை.

என்ன ப்ராஜெக்ட் செய்யலாம்?

அளவைகள்: ராகியை எந்த அளவையில் அளந்தார்கள்? படி, வள்ளம், கன்னடத்தில் 'கொளக'. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் அளவு மாறும். வீட்டில் பழைய படி இருந்தால் அதில் எத்தனை கிலோ ராகி பிடிக்கிறது என்று எடை போட்டுப் பார்க்கலாம்.

பயிர்க் கணக்கு: இன்று ராயக்கோட்டை என்றாலே தக்காளி மண்டி. ஒரு ஏக்கர் தக்காளிக்கு நாற்று, மருந்து, கூலி, வண்டி வாடகை எவ்வளவு? மண்டியில் ஒரு பெட்டி என்ன விலைக்குப் போனது? ஒரு மாதம் தினமும் குறித்தாலே அது உண்மையான ஆய்வுத் தரவு.

ஊர்ப்பெயர்கள்: வெள்ளைக்காரர்களின் எழுத்துக்கூட்டல் தலை சுற்ற வைக்கும். புக்கானனின் தொகுதிகள் இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் வரும் ஊர்களை இன்றைய மேப்பில் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

வழித்தடம்: மாட்டுவண்டித் தடம், தார் ரோடு, சேலம்–ஓசூர் ரயில் பாதை. எது வந்தபோது எந்தச் சந்தை வளர்ந்தது, எது படுத்தது?

இப்போதே ஏன்?

ஓசூரைச் சுற்றி ஊர்கள் வேகமாக மாறுகின்றன. சிப்காட் வந்த பிறகு ராகிக் காடுகள் தொழிற்சாலைகளாகவும் லேஅவுட்டுகளாகவும் ஆகிவிட்டன. உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பகுதிகளில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் போராடினார்கள். தொழிற்சாலை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் எந்த நிலத்தில் என்ன விளைந்தது, எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது. அவர்கள் சொல்வதைக் குறித்து வைக்க ஆள் வேண்டும்.

எங்கே சமர்ப்பிக்கலாம்?

1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்கானது. உள்ளூர்ப் பிரச்சினையை நேரில் ஆய்வு செய்வதுதான் அதன் அடிப்படையே. கல்லூரி மாணவர்கள், 1792-க்குப் பிறகு கர்னல் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே செய்த நில அளவை, வரி விவரங்கள் அடங்கிய 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் புக்கானனைப் பின்பற்ற வேண்டாம். அவருக்காக மொழிபெயர்த்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், பொறுமையாகப் பதில் சொன்ன விவசாயிகள் என எத்தனையோ பேர் உழைத்தார்கள். புத்தகத்தின் முகப்பில் இருப்பது ஒரே ஒரு பெயர். மாணவர்களின் ப்ராஜெக்ட்டில், தகவல் சொன்னவர்களின் சம்மதத்தோடு அவர்கள் பெயரும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். முடித்ததும் ஒரு பிரதி அவர்கள் வீட்டுக்கும் போகட்டும்.