நூற்பாலை மடந்தையரும் ‘சுமங்கலி’ என்னும் பெயரும்

கணவனை உடையாளைச் சுமங்கலி என்றல் வழக்கு. திண்டுக்கல், கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளில், 2000-ஆம் ஆண்டையொட்டி, அச்சொல் ஓர் ஆள்சேர்ப்பு முறைக்குப் பெயராயிற்று. 14 முதல் 19 வரை மடந்தைப் பருவம் என்பர் பாட்டியலார். பெரும்பாலும் அப்பருவத்து ஏழைப் பெண்களே சேர்க்கப்பட்டனர். மூவாண்டு விடுதியில் தங்கி உழைப்பின், திருமணச் செலவுக்கென ரூ. 30,000 முதல் 50,000 வரை முடிவில் ஒருங்கே கிடைக்கும் என்றனர். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே பிறந்துவிட்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பொருளீட்டல் மனத்துக்கு உரம் தரும் என்பது பொதுக்கருத்து. இங்கு அது பொய்த்தது ஏன்? ஈட்டிய பொருள் அவள் கைக்கு வாராமையே காரணம். நோயுற்று இடையில் நீங்கினும் தொகையை இழக்க நேர்ந்தது. ஆகவே இரவு வேலை, துயிலின்மை, மேற்பார்வையாளரின் கடுஞ்சொல் யாவற்றையும் பொறுத்தாள். தாயோடு தொலைபேசியிற் பேசுதற்கும் பல ஆலைகளில் கட்டுப்பாடு இருந்தது. அந்நிலையில் அச்சமும் சோர்வும் தோன்றுதல் இயல்பே. அவற்றைப் பெண்மையின் மென்மை மேல் ஏற்றிக் கூறுவார் கூற்றுப் பொருந்தாது.

நற்றிணை 353-ஆம் பாட்டு, ஆண்துணையற்ற மகளிர் தம் முயற்சியால் நூல் நூற்றமையைச் சுட்டுகின்றது. அங்கே நூற்பு கணவனின்றி வாழ்தற்குப் பற்றுக்கோடு. இங்கோ கணவனைப் பெறுதற்கு விலை.

2021-இல் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணொருத்தி கொலையுண்டபின், 2022 ஏப்பிரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தாயிற்று. பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் ஈஸ்ட்மன் நிறுவனத்தோடு செய்துகொண்ட அவ்வுடன்பாட்டால், பயிற்சி பெற்ற தொழிலாளப் பெண்களே தொழிற்கூடத்துத் துன்புறுத்தலைக் கண்காணித்து முறையிடும் உரிமை பெற்றனர்.