எக்ஸ்ரே அறையில் வாய் திறந்து பேசுவோம்

கனடாவுக்கு வந்து சேர்ந்தவுடன் நாம் காணும் முதல் இயந்திரங்களில் ஒன்று எக்ஸ்ரே. குடிவரவுக்கான வைத்தியப் பரிசோதனையில் 11 வயதும் அதற்கு மேற்பட்டோரும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். காசநோய் உண்டா என்று பார்ப்பதற்கே இது.

எமக்குத் தெரிந்த ஒரு தாய், மொழி தெரியாததால் 12 வயது மகனைத் துணைக்குக் கூட்டிச் சென்றார். படம் எடுப்பவர், "அம்மா கர்ப்பமாக இருக்கலாமா?" என்று கேட்டார். பையனுக்கு வெட்கம். தாயிடம் கேளாமலே "இல்லை" என்று சொல்லிவிட்டான். மூன்று கிழமையின் பின்புதான் தாய்க்கு விடயம் தெரிந்தது. "கதிர் பட்ட பிள்ளை ஊனமாய்ப் பிறக்கும், கலைத்துவிடு" என்று அயலில் சிலர் சொல்ல, பல இரவுகள் அவருக்கு நித்திரையில்லை.

குடும்ப வைத்தியர்தான் அவரைத் தேற்றினார். நெஞ்சுப் படத்தில் கதிர் நெஞ்சுக்கே செலுத்தப்படுகிறது. வயிற்றிலுள்ள கருவை அடைவது 0.01 மில்லிகிரேயிலும் குறைவு. 100 மில்லிகிரேக்குக் குறைந்த அளவைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமல்ல என்பது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் நிலைப்பாடு. இன்று அந்தப் பிள்ளை துள்ளி விளையாடுகிறது.

அப்படியானால் எதற்கும் பயமில்லையா? அப்படியுமல்ல. படத்துக்குப் படம் அளவு வேறுபடும். மண், காற்று, வானம், உணவு ஆகியவற்றிலிருந்து உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட் இயற்கைக் கதிர்வீச்சு கிடைக்கிறது. நெஞ்சுப் படம் ஒன்றின் அளவு 0.1 அல்லது அதற்கும் குறைவு. அதாவது இரண்டு கிழமை இயற்கையாகப் பெறுவது போன்றது. வயிற்றுக்கான சீ.ரி. ஸ்கானோ சுமார் 8 மில்லிசீவேர்ட், மூன்று ஆண்டுக்குரியது. தேவைக்கு எடுத்தால் அது உயிரைக் காக்கும். தேவையின்றித் திரும்பத் திரும்ப எடுப்பதையே தவிர்க்க வேண்டும். சிறுபிள்ளைகளின் உடல் கதிருக்குக் கூடுதலாகப் பாதிக்கப்படக் கூடியது. அல்ட்ரா சவுண்டிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கானிலும் இவ்வகைக் கதிர்வீச்சு இல்லை.

"எங்களை உள்ளே விட்டுவிட்டு அவர்கள் சுவருக்குப் பின்னால் ஒளிக்கிறார்களே" என்று எம்மவர் குறைப்படுவதுண்டு. நமக்கு ஒரு படம். அவர்களுக்கோ நாளுக்குப் பல படங்கள், ஆண்டுக்கணக்கில். அதனாலேயே ஈயத் தடுப்பின் பின்னால் நிற்கிறார்கள். பலர் உடையில் கதிர் அளவியும் அணிகிறார்கள். மேற்சொன்ன ஆணைக்குழு ஊழியருக்குப் பரிந்துரைக்கும் எல்லை, 5 ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட்.

"முன்பெல்லாம் ஈய அங்கி போர்த்தார்கள், இப்போது இல்லையே" என்பது இன்னொரு குறை. இது அலட்சியமல்ல. அங்கி படத்தின் ஒரு பகுதியை மறைத்தால் மறுபடியும் எடுக்க நேரிடும். 2019இல் அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கம், இடுப்புக்கும் கருவுக்கும் அங்கி போர்த்தும் வழக்கத்தைக் கைவிடும்படி கூறியது. ஆனால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கும் பெற்றோர் அங்கி அணிய வேண்டும். கர்ப்பிணி அந்த வேலைக்கு நிற்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை சில. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நேரம் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லுங்கள். குடிவரவுக்கான படத்தைக் கர்ப்பிணிகள் பிரசவத்தின் பின்னர் எடுக்கலாம். எந்தப் படம், எங்கே, எப்போது எடுத்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். "இது ஏன் தேவை? முன்பு எடுத்த படம் போதாதா?" என்று வைத்தியரைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஊரில் வைத்தியர் முன் வாய் பொத்தி நின்று பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை எக்ஸ்ரே அறை வாசலிலேயே விட்டுச் செல்வோம்.