பிக்கப் வண்டியின் பின்வில்

மேடுபள்ளம் நிறைந்த பாதையிலே சுமையுடன் செல்லும் பிக்கப் வண்டியின் பின்புறம் தாழ்ந்துபோனால், வில்லுக்கு இன்னுமொரு தகடு சேர்த்துவிடுவது வழக்கம். அது மட்டும் போதுமான பரிகாரமாகுமா?

1968இல் வெளிவரத் தொடங்கிய ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளின் பின்புறத்தை, அடுக்கிவைத்த எஃகுத் தகடுகளாலான வில்லே தாங்குகின்றது. ஒரேயளவான 5 தகடுகளுடன் ஆறாவது சேர்ந்தால், விறைப்பு ஐந்திலொரு பங்கு கூடும். தகடுகளின் தடிப்பை இருமடங்காக்கினாலோ, அது 8 மடங்காகிவிடும். அவ்வாறு விறைத்த வில், சுமை இறங்கியதும் வளைய மறுக்கும், சில்லு நிலத்தைவிட்டுத் துள்ளும், பிடி தளரும். ஆகவே, வழமையாக ஏற்றும் சுமையை அறிந்தே வில்லைத் தெரிதல் வேண்டும். அதற்கிசைந்த அதிர்வுத் தணிப்பானையும் பொருத்துதல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத ஆபத்து இன்னுமொன்றுண்டு. பல வண்டிகளிலே, சட்டத்துக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட உயரத்தைக் கொண்டு சுமையை உணர்ந்து, பின்சில்லுகளுக்குச் செல்லும் பிறேக் அழுத்தத்தை அளந்துவிடும் வால்வு ஒன்று இருக்கின்றது. வில் உயர்ந்தால், சுமையிருந்தும் வண்டி வெறுமையென்றே அது கொள்ளும், பின்பிறேக் வலுக்குன்றும், வண்டி நிற்குந் தூரம் நீளும். எனவே, வில்லை உயர்த்துவோர் அவ்வால்வையும் திருத்தியமைத்தல் இன்றியமையாதது.

வில்லுக்கு வலுவூட்டுவதால் அச்சும் ரயரும் பிறேக்கும் வலுப்பெறுவதில்லை. உற்பத்தியாளர் விதித்த சுமையெல்லை அப்படியே நிற்கின்றது. வண்டியின் முதுகு நிமிர்ந்து நிற்பது, அதன்மேல் மேலும் ஏற்றலாம் என்பதற்கு உத்தரவு அன்று.