தீயறிவிப்புப் பலகை

புதுச்சேரியில், வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டில் தொழிற்பேட்டை ஒன்று உள்ளது. அங்குள்ளவை போன்ற ஆலைகளுக்குத் தீயறிவிப்புப் பலகை இன்றியமையாதது. தீப் பரவ நெடுநேரம் வேண்டுவதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில், சமையற்கூடத்தில் எழுந்த தீ ஓலைக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது.

கூரையிற் பொருத்திய புகையுணர்விகள் கம்பி வழியே பலகையோடு இணைந்திருக்கும். எனினும் சுவரில் மாட்டிய அளவில் அஃது அறிவு பெற்றுவிடாது. ஒவ்வோர் உணர்விக்கும் உரிய எண்ணும் இடப்பெயரும் அதிற் பதியப்பெறல் வேண்டும். பண்டகசாலையின் எண்ணுக்கு நேரே அலுவலகத்தின் பெயர் தவறிப் பதிந்திருப்பின், தீ ஓரிடத்தில் எரிய, அணைப்பவர் வேறிடத்துக்கு ஓடுவர்.

புழுதியும் நீராவியும் உணர்வியை ஏமாற்றுவதுண்டு. ஆதலின், முதற்குறிப்பு வந்தவுடன் மணியை ஒலிக்காது, சில நொடி பொறுத்து மீண்டும் சோதிக்குமாறு பலகையை அமைக்கலாம். பொய்மணி பலகால் ஒலிப்பின் தொழிலாளர் மெய்மணியையும் பொருட்படுத்தார். சலிப்புற்று மணியையே நிறுத்தி வைப்பாரும் உளர். இதனினும் பெரும்பிழை வேறில்லை. ஆனால் எளிதில் தீப்பற்றும் நீர்மங்கள் உள்ள அறைக்கு இத்தாமதம் ஆகாது.

பதிவு முடிந்தபின் ஒருவர் உணர்வியின் கீழே புகை காட்டுவார். மற்றொருவர் பலகையின் முகப்பில் தோன்றும் இடப்பெயரைப் படித்து ஒப்பிடுவார்.