வட்டம் சுற்றும் திரை: பழுது எந்தத் துண்டில்?



தரவுத் தொடர்பாடல் அலகைப் படிக்கும்போது பட்டையகலம், பொதி, வழிப்படுத்தி ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை மனனம் செய்துவிட்டு உங்களில் பலர் நின்றுவிடுகிறீர்கள். "இணையவழித் தொலைக்காட்சி இடையிடையே நின்றுவிடுகிறது. காரணத்தைக் கண்டறியும் முறையை விளக்குக" என்று கேட்டால், "இணைய வேகம் குறைவு" என ஒரு வரி எழுதிப் பேனாவை மூடிவிடுவீர்கள். அந்த ஒரு வரிக்கு முழுப் புள்ளி கிடையாது. அதே வரியை நம்பிப் பல வீடுகளில் மாதக் கட்டணம் கூடிய பக்கேஜுக்கு மாறுகிறார்கள். வட்டம் அப்போதும் சுற்றுகிறது. நானும் அப்படிப் பணம் கட்டியவன்தான்.

முதலில் காட்சி எப்படி வந்து சேருகிறது என்று பார்ப்போம். ஒளிக்காட்சி சில செக்கன்கள் நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுச் சேவையகத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் இருக்கும். உங்கள் தொலைக்காட்சி இணைப்பின் வேகத்தை அளந்து, அதற்கேற்ற தரத்தைக் கேட்டு வாங்குகிறது. இணைப்பு மந்தமானால் படம் மங்குவது இதனாலேயே. வந்த துண்டுகள் உடனே காட்டப்படுவதில்லை. அவை தாங்ககம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் சேர்கின்றன. கிணற்று மோட்டர் தண்ணீரை மேல்தாங்கிக்கு ஏற்ற, நாம் குழாயைத் திறந்து குளிப்பதைப் போன்றது இது. மோட்டர் சற்று நின்றாலும் குளிப்பு நிற்காது. தாங்கி வெறுமையானால்தான் நிற்கும். திரையில் வட்டம் சுற்றுவது தாங்ககம் வெறுமையாகிவிட்டது என்பதன் அடையாளம்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவுக்கு வரலாம். திரைப்படத்தைப் பல செக்கன்களுக்கு முன்கூட்டியே தாங்ககத்தில் நிரப்பி வைக்கலாம். நேரடிக் கிரிக்கெட் போட்டியில் இன்னும் வீசப்படாத பந்தை நிரப்பி வைக்க முடியாது. அதனால்தான் படம் நன்றாக ஓடும் அதே இணைப்பில் போட்டி திணறுகிறது. பக்கத்து வீட்டு அன்ரெனா தொலைக்காட்சியில் விக்கெட் விழுந்து ஆரவாரம் கேட்ட பிறகு உங்கள் திரையில் பந்து வீசப்படுவதும் உண்டு. அது பழுதன்று, துண்டு வெட்டிச் சேர்ப்பதற்கு எடுக்கும் நேரம்.

அடுத்தது கணக்கு. இங்கே இழக்கப்படும் புள்ளிகளை எண்ணி நான் சலித்துவிட்டேன். இணைப்பின் வேகம் ஒரு செக்கனுக்கு எத்தனை மெகாபிற்று எனத் தரப்படும். கோப்பின் அளவு மெகாபைற்றில் தரப்படும். 8 பிற்று சேர்ந்தது 1 பைற்று. ஆகவே செக்கனுக்கு 16 மெகாபிற்று இணைப்பில் செக்கனுக்கு 2 மெகாபைற்றுக்கு மேல் இறங்காது. விளம்பரத்தில் 16 என்று பார்த்துவிட்டு, கணினியில் 2 என்று தெரிந்ததும் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

முழு உயர் தெளிவுக் காட்சிக்குச் செக்கனுக்கு 5 மெகாபிற்றும், 4கே காட்சிக்கு 15 மெகாபிற்றும் தேவை என்பது நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் பரிந்துரை. செக்கனுக்கு 5 மெகாபிற்று வீதத்தில் இரண்டு மணித்தியாலம் ஒரு படம் பார்த்தால் 5 × 7200 = 36 000 மெகாபிற்று. அதை 8 ஆல் வகுத்தால் 4500 மெகாபைற்று, அதாவது 4.5 கிகாபைற்று. மாத அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைக்கும் பக்கேஜ் உங்களுடையது என்றால், மாதக் கடைசியில் மட்டும் வட்டம் சுற்றுவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கக்கூடும்.

இனிப் பழுது தேடுவோம். சேவையகத்திலிருந்து உங்கள் திரை வரையுள்ள பாதையை நான்கு துண்டாகப் பிரியுங்கள்: சேவையகம், அங்கிருந்து உங்கள் வீடு வரையுள்ள இணைப்பு, வீட்டிலுள்ள வழிப்படுத்தியிலிருந்து (நாம் ரவுட்டர் என்று சொல்லும் பெட்டி) தொலைக்காட்சி வரையுள்ள வைஃபை, கடைசியாகத் தொலைக்காட்சி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. விஞ்ஞான பாடத்தில் மற்றைய மாறிகளை மாறாது வைத்துப் பரிசோதனை செய்கிறீர்களே, அதே முறைதான்.

ஒரு செயலியில் மட்டும் தடங்கல், மற்றவை ஓடுகின்றன என்றால் அந்தச் சேவையகத்தில் குறை. தொலைக்காட்சியில் தடங்கல், அதன் அருகிலேயே வைத்த கைத்தொலைபேசியில் அதே காட்சி ஓடுகிறது என்றால் தொலைக்காட்சியில் குறை. அதை மின்செருகியிலிருந்து கழற்றி மீண்டும் போடுங்கள், செயலியைப் புதுப்பியுங்கள்.

நடு இரண்டு துண்டுகளையும் பிரித்தறிவதே முக்கியமானது. ரவுட்டரிலிருந்து ஈதர்நெற் வடமொன்றை நேரே தொலைக்காட்சிக்கோ மடிக்கணினிக்கோ கொடுத்துப் பாருங்கள். வடத்தில் சீராக ஓடி வைஃபையில் தடங்கினால் வைஃபை குற்றவாளி. வடத்திலும் தடங்கினால் வெளியே தேடுங்கள். வடம் இல்லாவிட்டால் கணினியின் கட்டளைச் சாளரத்தில் பிங் கட்டளையைப் பயன்படுத்தலாம். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்), பின்பு 8.8.8.8 என்ற கூகிளின் முகவரிக்கு. ரவுட்டரிடமிருந்தே பதில் தாமதித்தோ தவறியோ வந்தால் வீட்டுக்குள் பழுது. ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்து, வெளி முகவரியில் பொதிகள் தொலைந்தால் வெளியே பழுது.

வைஃபை பற்றி என் கதை. 2022 செப்டெம்பரில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை வென்றது. எங்கள் வீட்டில் கடைசி ஓவர்களில் வட்டம்தான் ஓடியது. அடுத்த வாரமே வேகம் கூடிய பக்கேஜுக்கு மாறினேன். ஆறு மாதம் கூடுதல் பணம் கட்டியும் நிலைமை அதேதான். நான் கலைப்பட்டதாரி, மின்பொறியியல் கற்றவன் அல்லன். ஆனாலும் வடத்தைச் செருகிப் பார்க்கப் பட்டம் தேவையில்லை என்பது பிந்தித்தான் உறைத்தது. தொலைபேசி இணைப்பு அங்கே இருந்ததால் ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தோம். உலோகம் வானொலி அலைகளைத் தெறிக்கச் செய்யும். நீளமான வடம் வாங்கிப் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றிய அன்றே தடங்கல் நின்றது. பழைய பக்கேஜுக்குத் திரும்பினேன்.

வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் ஆகிய பட்டைகளில் இயங்கும். 2.4 சுவர்களைக் கடந்து தூரம் போகும், ஆனால் அயல் வீடுகளின் வைஃபையும் புளூடூத்தும் அங்கேயே நெரிசல்படும். நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்வதால் சோறு சூடாகும்போது படம் நிற்கலாம். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சீமெந்துச் சுவரில் விரைவில் நலிந்துவிடும். ரவுட்டரும் தொலைக்காட்சியும் ஒரே அறையில் இருந்தால் 5 ஐத் தெரிவு செய்யுங்கள்.

வெளிப் பழுது இணைப்பின் வகையைப் பொறுத்தது. செப்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பில், மழைக்குப் பின் இணைப்பு அறுந்தால் மூட்டில் ஈரம் புகுந்திருக்கலாம். தொலைபேசி மணி அடிக்கும்போது அறுந்தால் வடிகட்டியைச் சோதியுங்கள். ஒளியிழை இணைப்பில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, வழங்குநருக்கு அறிவியுங்கள். 4ஜி இணைப்பில் ஒரு கோபுரத்தைப் பலர் பகிர்வதால் மாலையில் வேகம் குறையும்.

பயிற்சி வினா: 4ஜி இணைப்புள்ள ஒரு வீட்டில் காலை 6 மணிக்கு வடத்திலும் வைஃபையிலும் செக்கனுக்கு 18 மெகாபிற்று கிடைக்கிறது. இரவு 8 மணிக்கு இரண்டிலும் 2 மெகாபிற்றே கிடைக்கிறது. இவ்வாறே தினமும் நிகழ்கிறது. பழுது எந்தத் துண்டில்? ரவுட்டரை வரவேற்பறைக்கு, தொலைக்காட்சிக்கு அருகே மாற்றினால் பயன் உண்டா?

விடை: வடத்திலும் குறைவதால் வைஃபையில் குறையில்லை. காலையில் சரியாக இருப்பதால் ரவுட்டரும் பழுதில்லை. பலர் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் குறைவதால் கோபுரத்தில் நெரிசல் எனக் கொள்ளலாம். தொலைக்காட்சிக்கு அருகே மாற்றுவதால் பயனில்லை. காட்சியின் தரத்தைக் குறைத்துப் பார்ப்பது உடனடித் தீர்வு.